கேப்டனின் மூன்று பதில்கள்

மார்ச் 3, திங்கள்

தம்பியின் அந்த விண்வெளிச் சண்டை வீடியோ விளையாட்டை இன்று நான் தொட்டேன். அவன் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டான். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை திறக்கப் பத்து மணி ஆகும். துவைக்கத் துணி கிடந்தது. துவைக்கவில்லை.

முதலில் நமக்கென்று ஒரு கேப்டனைச் செய்துகொள்ள வேண்டுமாம். பெண்ணாகச் செய்தேன். தலைமுடியில் நாற்பது வகை, தழும்பில் பன்னிரண்டு வகை, மூக்குக்கண்ணாடி மட்டும் ஒன்றுகூட இல்லை. பதினெட்டு வருஷமாகக் கண் பரிசோதனை செய்கிறவளுக்கு எரிச்சல் வராதா? கிரகத்தில் இறங்கியதும் நண்டு மாதிரி எதுவோ பாய்ந்து வந்தது. துப்பாக்கி கையில் இருப்பதே மறந்துபோய்க் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். செத்தேன். நாலு முறை செத்தேன். ஒன்பதரைக்குத்தான் எழுந்தேன்.

மார்ச் 5, புதன்

எழுதி வைக்காவிட்டால் நடந்ததா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

கடை இருக்கிற கட்டிடத்து லிஃப்டை மாதா மாதம் பார்க்க வருகிற லிஃப்ட்காரர், மூன்று வருஷமாக வேலை முடிந்ததும் கடைக்குள் வந்து பத்து நிமிஷம் என்னோடு பேசிவிட்டுப் போவார். இன்று உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. முப்பதாந்தேதி கிளம்பணும். உங்களுக்குச் சம்மதம்னா நாம கல்யாணம் பண்ணிக்கலாம். அவசரமில்ல, அதுக்குள்ள சொன்னா போதும்."

அவசரமில்லையாம், ஆனால் தேதி மட்டும் உண்டாம்.

துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். அவர் போய்விட்டார். அவரைப் பிடிக்குமா? பிடிக்கும். நாற்பத்தொரு வயதில் இது தெரியாமலா இருக்கும்? பின்னே வாயைத் திறக்க என்ன கேடு எனக்கு?

மார்ச் 8, சனி

தம்பி கண்டுபிடித்துவிட்டான். "என் மிஷின்ல யாருக்கா இந்த மூஞ்சி, அப்படியே உன்ன மாதிரி முறைக்குது?" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து, "சுடுக்கா, சுடு! அதுங்கிட்ட போய்ப் பேசிக்கிட்டு நிக்கிறியே!" என்று கத்தினான்.

மார்ச் 9, ஞாயிறு

கேப்டனின் கப்பலில் பீரங்கியைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு ஆறு கண். ஆறுக்கும் பவர் பார்க்க எனக்கு ஒரு முழு நாள் பிடிக்கும்.

மார்ச் 14, வெள்ளி

இந்த விளையாட்டு என்னை எதைக் காட்டி இழுக்கிறது என்று இன்று பிடிபட்ட மாதிரி இருந்தது. சுடுவது இல்லை. கிரகமும் நட்சத்திரமும்கூட இல்லை. பேச்சு!

யாராவது கேப்டனிடம் ஏதாவது கேட்டால் திரையில் மூன்று பதில்கள் வரும். ஒன்று இதமானது, ஒன்று வெடுக்கென்றது, ஒன்று நழுவுவது. நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஆட்டத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன். ஒன்றைச் சொல்லி, எதிராளியின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன். பழைய இடத்துக்குத் திரும்பி வந்து அடுத்ததைச் சொல்கிறேன். மூன்று முகமும் பார்த்தபிறகு பிடித்ததை வைத்துக்கொள்கிறேன். இன்று ஆறு கண்ணனிடம் "கப்பலை விட்டு இறங்கு" என்று சொல்லிப் பார்த்தேன். ஆறு கண்ணும் ஒவ்வொன்றாக மூடியது. ஐயோ என்று திரும்பி வந்து, "இங்கேயே இரு" என்றேன். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை, சிரிக்கிறான். அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

"இது அழுகுணி ஆட்டம்க்கா" என்கிறான் தம்பி. இருக்கட்டுமே.

லிஃப்ட்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சரி என்று சொன்னால் என்ன ஆகும், வேண்டாம் என்றால் என்ன ஆகும், இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் எனக்கு. அதை யார் காட்டுவார்கள்?

மார்ச் 17, திங்கள்

பகல் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?" என்று மற்றவர்களை விரட்டுகிறவள் நான். கடைசியில் எல்லோரும் சலித்துப்போய், "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மேடம்" என்பார்கள். எங்கள் தொழிலில் அதுதான் சரியான இடம். அந்த அளவை எழுதிவிட்டு எழுந்துவிடலாம்.

எனக்கும் பத்து நாளாக இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. நான் எதை எழுதுவது?

மார்ச் 21, வெள்ளி

எழுதவே கூசுகிறது.

லிஃப்டைப் புது ஆளிடம் ஒப்படைக்கும் முன் கடைசியாக ஒரு தரம் பார்க்க வந்தார். கடை வாசலில் நின்று, "யோசிச்சீங்களா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. இல்லை — நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்துவிட்டு அப்புறம் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று — சத்தியமாக அப்படித்தான் மனதில் ஓடியது.

"சரிங்க" என்றார். குனிந்து கருவிப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். சரியாகத்தான் இருந்தது அது. லிஃப்ட் வர நேரமானது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சொல்லு, இப்பச் சொல்லு, பொய்யின்னு சொல்லு. லிஃப்ட் வந்துச்சு, போயிடுச்சு. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

மார்ச் 22, சனி

கடைக்குப் படியேறிப் போனேன்.

மார்ச் 28, வெள்ளி

தம்பியிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"போன் பண்ணி நடந்ததச் சொல்லுக்கா."

"எப்படிச் சொல்றதுன்னு மூணு விதமா யோசிச்சு வெச்சிருக்கேன், முதல்ல —"

"அக்கா!" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

மார்ச் 30, ஞாயிறு

கூப்பிட்டேன். அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது பொய்" என்றேன். "அப்படிச் சொன்னா உங்க முகம் எப்படி இருக்கும்னு பாக்கறதுக்காகச் சொன்னேன்."

டேப் சத்தம் நின்றது.

"பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"என்னால தாங்க முடியல."

"என்னாலயும்தான்" என்றார். பிறகு, "வண்டி வந்துடுச்சு, வெக்கிறேன்."

கோபமா? வருத்தமா? போயிட்டு வர்றேன்னுகூடச் சொல்லலையே!

ஏப்ரல் 6, ஞாயிறு

முகவரி கேட்டுச் செய்தி அனுப்பினேன். முகவரி வந்தது. வேறு ஒரு சொல் இல்லை. வா என்று அர்த்தமா? கேட்டாய், கொடுத்தேன், அவ்வளவுதானா?

தம்பியிடம் காட்டினேன். "எந்த பஸ் ஸ்டாப்புல இறங்கணும்னுகூடப் போட்டிருக்காரு. வரச் சொல்றாருக்கா."

"ஒழுங்கா வேல செய்யிற ஆளு, யாரு கேட்டாலும் அப்படித்தான் போடுவாரு."

"உன்னையெல்லாம் அந்த நண்டே தின்னிருக்கலாம்" என்று எழுந்து போனான்.

ஏப்ரல் 19, சனி

காலையில் கேப்டனை எழுப்பினேன். யாரோ ஏதோ கேட்டார்கள், மூன்று பதில்கள் வந்தன. எதையும் தொடாமல் அணைத்துவிட்டேன். சலிப்பா, பயமா, தெரியவில்லை.

நாளை ஆறு மணி பஸ்ஸில் போகிறேன். வருகிறேன் என்று எழுதினேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை. திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துவிட்டேன். இது முன்யோசனையா கோழைத்தனமா? போங்கப்பா.

ஏப்ரல் 20, ஞாயிறு

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது.

கதவைத் திறந்தார். "சம்மதம்னு சொல்ல வந்தேன்" என்று வாசலிலேயே போட்டு உடைத்தேன். அவர் முகத்தை நன்றாகத்தான் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன், கேட்கவிடாமல் கீழே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, செருப்பு அலமாரியின் நடுத்தட்டில் கிடந்த ஸ்பேனர்களையும் கிரீஸ் டப்பாவையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். துணியால் தட்டைத் துடைத்தார். மூலையில் ஒட்டியிருந்த கறையை நகத்தால் சுரண்டினார்.

"இந்தத் தட்டு உங்களுக்கு" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

செருப்பைக் கழற்றி அதில் வைத்தேன்.