ஐஸ் கிடங்கு ஜெனரேட்டரை அகற்ற வேண்டாம் என்று, அகற்றச் சொன்னவளே தரும் மனு

அனுப்புநர்:
தட்டச்சு மற்றும் ஜெராக்ஸ் கடை நடத்துபவர்,
கடைக்கு மேல்மாடி வீடு,
கிடங்குத் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கிடங்குத் தெரு ஐஸ் கிடங்கின் ஜெனரேட்டரை அகற்றக் கோரி நான் அளித்த புகாரை முடித்துவைக்கவும், அதே ஜெனரேட்டரைத் தெருவின் பொதுப் பயனுக்காக முறைப்படி அனுமதிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் அளித்த புகார் மனு. 2. அதன் பேரில் ஐஸ் கிடங்குக்கு அனுப்பப்பட்ட தங்கள் அலுவலக நோட்டீஸ்.

ஆணையர் ஐயா அவர்களுக்கு மரியாதையுடன் வணக்கம்.

1. பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியவள் நான். தட்டச்சு செய்ததும், கையெழுத்து வாங்க அலைந்ததும் நானே. அந்தப் புகாரில் இருந்தது அத்தனையும் உண்மை. அதில் ஒரு வரியைக்கூட நான் இப்போது மறுக்கவில்லை. ஆனால் இன்று அதன் மீது நடவடிக்கை எடுத்தால் என் கணவரின் மூச்சுக்கே ஆபத்தாகிவிடும். எனவே அதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அலுவலகத்துக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

2. என் கணவர் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் வேலை பார்த்தவர். அந்த வேலை அவருடைய நுரையீரலைக் கெடுத்துவிட்டது. வீட்டில் ஓர் ஆக்ஸிஜன் இயந்திரம் வைத்திருக்கிறோம். அது ஓடினால் அவர் பேப்பர் படிப்பார், எனக்கு வெங்காயம் உரித்துத் தருவார், என் சமையலைக் குறை சொல்வார். அது நின்றால் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எல்லாக் கடைகளும் திறந்திருக்கும் வெயில் நேரத்தில் தாங்குவதில்லை. கரண்ட் போனால் அது நினைத்தபோதுதான் வரும். இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் இழுக்கும், பிறகு கைவிட்டுவிடும். அதன் பின் சிலிண்டரைத் திறக்க வேண்டும். சிலிண்டரும் தீர்ந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

3. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஐஸ் கிடங்கு. கரண்ட் போன மறுநிமிடம் அங்கே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். அதன் புகைக் குழாய் எங்கள் ஜன்னலைப் பார்த்தே நீட்டிக்கொண்டிருந்தது. அதாவது, என் கணவருக்குக் காற்று தேவைப்படும் அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்குள் புகை வரும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் டீசல் நாற்றம். கிடங்கு உரிமையாளரிடம் (தெருவில் அவரை ஐஸ் முதலாளி என்பார்கள்) பலமுறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் "செய்றேம்மா, செய்றேன்" என்றார். ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் புகார் எழுதினேன்.

4. இந்த இடத்தில் எங்கள் தெருவின் ஒரு கெட்ட பழக்கத்தைத் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். லைசென்ஸ் புதுப்பிப்பதோ, பள்ளியில் சேர்ப்பதோ, குழாய் இணைப்போ, எல்லா விண்ணப்பமும் என் கடையில்தான் அடிக்கப்படும். ஆகவே நான் ஒரு தாளை நீட்டினால் இங்கே யாரும் படிக்க மாட்டார்கள். "எங்கம்மா போடணும்?" என்று மட்டும் கேட்பார்கள். புகாரை வணிகர் சங்கக் கூட்டத்தில் கைமாற்றி விட்டேன். சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் ஐஸ் முதலாளியும் அதில் கையெழுத்துப் போட்டார். சங்க முத்திரையும் குத்தினார். தன் மேல் தானே புகார் கொடுத்தவர் இந்த ஊரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். தாள் அந்தப் பக்கம் போய் வந்ததை நானும் கவனிக்கவில்லை.

5. தங்கள் நோட்டீஸும் அதோடு இணைத்த புகார் நகலும் கிடைத்ததும் அவர் நேராக என் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக எழுந்து நின்றேன். அவர் நகலைக் கண்ணாடி மேசை மேல் வைத்து, "ஏம்மா, என் ஜெனரேட்டரைத் தூக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "நீங்க ஒரு வரி படிச்சிருக்கக் கூடாதா?" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. பேச்சைப் பாதியில் விட்டு நான் மாடிக்கு ஓடினேன். பாதிப் பேச்சில் ஓடியது அவருக்கு அவமரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். பின்னாலேயே ஏறி வந்துவிட்டார்.

6. எத்தனையோ வருடம் எதிரெதிரே இருந்தும் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை. ஒரு கையால் நான் ஜன்னலைச் சாத்துவதையும், மறு கையால் சிலிண்டரைத் திருகுவதையும், என் கணவர் கட்டிலைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவிப்பதையும் வாசலில் நின்று பார்த்தார். அவருடைய ஜெனரேட்டரின் புகைதான் கண்ணாடியில் வந்து மோதிக்கொண்டிருந்தது. உடனே கிடங்குக்குப் போன் செய்து, "ஆஃப் பண்ணு. ஐஸ் உருகினா உருகட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். கரண்ட் வரும்வரை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிடங்கு ஐஸ் தண்ணீராகி வாசல் வழியாக ஓடியது. மீன் வியாபாரிகள் கீழே நின்று அவரைத் திட்டியது மாடிவரை கேட்டது. எனக்கு அழுகை வந்தது என்று மனுவில் எழுதுவது முறையில்லை. ஆனாலும் வந்தது.

7. ஜெனரேட்டரை நிறுத்துவதால் எங்கள் பிரச்சினை தீரவில்லை என்பதையும் அன்று நான் புரிந்துகொண்டேன். புகை நின்றது, சரி. இயந்திரத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? அந்த வாரம் வணிகர் சங்கமும் குடியிருப்போர் நலச் சங்கமும் ஒன்றாகக் கூடின. இதற்கு முன் இவ்விரு சங்கங்களும் ஒரே அறையில் உட்கார்ந்தது வண்டி நிறுத்தும் தகராறுக்காக மட்டுமே. நலச் சங்கச் செயலாளரைத் தெருவில் மைக் என்பார்கள். அது கையில் கிடைத்தால் விட மாட்டார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. ஆனால் அன்று அவர் கேட்ட கேள்வியை யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை: "ஐஸ் கிடங்குக்குப் போக அந்த மெஷின்ல மீதி கரண்ட் இருக்கும்ல? அதை ஏன் இந்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது?" இதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை நான் குறை சொல்லப் போவதில்லை.

8. அதன் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூலகத்தின் பின்சுவரை ஒட்டி, ஜன்னல்கள் இல்லாத பக்கத்தில், ஐஸ் கிடங்கின் ஜெனரேட்டரை நகர்த்தி வைக்க நலச் சங்கம் இடம் ஒதுக்கியது. வெல்டிங் கடைக்காரர் புகைக் குழாயைச் செய்து தந்தார். முதலில் அது செயலாளர் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்து நின்றது. காயப்போட்ட அவருடைய வெள்ளைச் சட்டைகளில் கரி படிந்தது. அன்று மாலையே குழாய் எல்லாக் கூரைகளுக்கும் மேலே உயர்ந்துவிட்டது. நான் பல மாதம் கேட்டு நடக்காத காரியம் அது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், அவ்வளவுதான். சத்தத்தை அடக்க மெத்தைக் கடைக்காரர், காற்றோட்டத்துக்கு இடம் விட்டு, கூண்டு மாதிரி ஒரு தடுப்பு அமைத்தார். லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர், மின்வாரிய இணைப்போடு கலக்காதபடி மாற்று சுவிட்ச் வைத்து, எங்கள் வீட்டுக்குத் தனி லைன் இழுத்தார்.

வேலை முடியும் தறுவாயில் மகளிர் குழுவினர், "இந்த வீடு ஒண்ணுதானா? வேற யாருக்கும் வேண்டாமா?" என்று கேட்டு வீடு வீடாக விசாரித்தார்கள். மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு தாய், நடக்க முடியாத தன் மகளின் சளியை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்தே காப்பாற்றி வருகிறார். கரண்ட் போகும்போதெல்லாம் அவர் மகளை மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பாராம். ஒரே தெருவில் இருந்தும் இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது அந்த வீட்டுக்கும் லைன் போயிருக்கிறது. டீசலைக் கடைகள் முறை வைத்து ஊற்றுகின்றன. யார் முறை என்பதில் சண்டை வருகிறது; டீசல் வராமல் இருந்ததில்லை.

9. இத்தனையும் செய்த நாங்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். தங்கள் அலுவலகத்துக்கு யாரும் தெரிவிக்கவில்லை. தெருவுக்கே மனு எழுதுகிற எனக்கும் அது தோன்றவில்லை. புகார் அதன் வழியில் நகர்ந்து, திங்கட்கிழமை தங்கள் ஆய்வாளர் பூட்டும் அரக்கும் கொண்டு வந்துவிட்டார். நான் கீழே ஓடி வந்து தடுத்தேன். அவர் என் புகாரைக் காட்டி, "இது நீங்க எழுதினதுதானே அம்மா?" என்றார். இல்லை என்று சொல்ல முடியுமா? மாடிக்கு வந்து பாருங்கள் என்று அழைத்தேன். முகம் சுளிக்காமல் வந்தார். அதிகம் பேசாத என் கணவர் அவரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இவங்க ரொம்பக் கோபக்காரங்க சார். ஆனா பொய்யா ஒரு வரி எழுத மாட்டாங்க. அன்னைக்கு இருந்ததை எழுதினாங்க. இன்னைக்கு இருக்கறதையும் இவங்களையே எழுதித் தரச் சொல்லுங்க." அதற்குள் மாவு மில் பின்வீட்டுத் தாயும் படியேறி வந்து நின்றிருந்தார். ஆய்வாளர் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தங்கள் எழுத்துபூர்வமான உத்தரவு வரும்வரை சீல் வைப்பதில்லை என்றும், உடனே மனு கொடுக்குமாறும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இந்தத் தெரு கடமைப்பட்டிருக்கிறது.

அவர் போன பிறகு கடையில் வந்து உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். இரண்டு பேர் நகலெடுக்கக் காத்திருந்தார்களாம். எழுப்பவில்லை. அவர்களே இயந்திரத்தை இயக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், தலைகீழாக. வெகு காலமாக அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை.

10. ஆகவே தங்களை வேண்டுவது:

(அ) என் பழைய புகாரை முடித்துவைத்து, சீல் வைக்கும் நடவடிக்கையை எழுத்துபூர்வமாக ரத்து செய்ய வேண்டும்.

(ஆ) ஜெனரேட்டரையும் லைனையும் உரிய அதிகாரிகளைக் கொண்டு சோதித்து, இரு சங்கங்களின் பெயரிலும் முறையான அனுமதி வழங்க வேண்டும். அனுமதி இல்லாமல் நாங்கள் செய்தது பிழைதான். குறை இருந்தால் சொல்லுங்கள், சரிசெய்கிறோம். சரிசெய்யும்வரை லைனைத் துண்டிக்க வேண்டாம். அந்த இரண்டு வீடுகளால் அதைத் தாங்க முடியாது.

(இ) டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற மின்வாரியத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். அது நடந்தால் ஜெனரேட்டருக்கே வேலை இருக்காது. டீசல் முறைச் சண்டையும் ஓயும்.

11. இந்த மனுவை இம்முறை யாரையும் படிக்காமல் கையெழுத்திட விடவில்லை. என் கடை வாசலில் நின்று, இடையில் ஒரு தடங்கல் வந்தும், முழுவதையும் உரக்கப் படித்து முடித்தேன். பலர் கொட்டாவி விட்டார்கள். மூன்றாம் பத்தியில் உள்ள "செய்றேம்மா" என்பதை எடுத்துவிடும்படி ஐஸ் முதலாளி கேட்டார். எடுக்க மாட்டேன் என்றேன். அப்படியே கையெழுத்திட்டார்.

கீழே முதலில் இருப்பது என் கணவரின் கையெழுத்து. கட்டிலில் உட்கார்ந்தபடி மடியில் வைத்துப் போட்டது, எழுத்து சற்றுக் கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். நான் வாசலில் படித்துக்கொண்டிருந்தபோதே கரண்ட் போய்விட்டது. வழக்கம்போல் பாதியில் விட்டு மாடிக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது, அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்கம்மா போடணும்?" என்று கேட்டார்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, இத்தெருவின் சார்பிலும் என் வீட்டின் சார்பிலும்,

இடம்: கிடங்குத் தெரு
நாள்: ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை

(கையெழுத்து) மனுதாரரின் கணவர்
(கையெழுத்து) மனுதாரர், ஜெராக்ஸ் கடை
(கையெழுத்து) மாவு மில் பின்வீட்டுத் தாய்
(கையெழுத்து) நலச் சங்கச் செயலாளர்
(கையெழுத்து, சங்க முத்திரையுடன்) ஐஸ் கிடங்கு உரிமையாளர், முழுவதும் கேட்ட பின்