ஏழு மணி மேளம்

என் பிரியமான மாப்பிள்ளை கோபாலுக்கு,

கோயில் மலருக்கு உன்னைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். உன்னைப் பற்றி எழுத மாட்டேன், உனக்கே எழுதுகிறேன் என்றேன். கிள்ளான் முழுக்கப் படிக்கட்டும். கோயில் தலைவர் முதலில் படிக்கட்டும்.

நீ பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து லோரியில் ஏற்றி வந்த மேள மெஷின் அதே மூலையில்தான் இருக்கிறது. கரண்டு கொடுத்தால் முரசும் மணியும் தானாக அடிக்குமே, அதேதான். எதிரே கொண்டோ அடுக்குமாடி எழும்பியதும் அந்த வீட்டுக்காரர்களோடு நடந்த பேச்சு உனக்கு மறந்திருக்காது. சாயங்காலம் ஏழிலிருந்து ஏழே காலுக்குள் ஒரு ஐந்து நிமிடம் அடிக்கலாம். அதைத் தாண்டிச் சத்தம் கேட்டால் மெஷினைக் கழற்றிவிடுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சுவிட்சைப் போட நீ இருக்கிறாய் என்ற தைரியம் அவருக்கு.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "வாயுதான் மச்சான்" என்றாயே, அப்போதே உனக்குப் பிறகு யார் போடுவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பூசாரி தீபத்தோடு உள்ளே நிற்பார். மற்றவர்கள் ஒரு நாள் மறந்தார்கள், ஒரு நாள் போட்டதை மறந்து கடைசி நேரத்தில் அணைக்க ஓடினார்கள்.

"கழட்டி ஸ்டோர்ல வச்சிரலாம்ணே. நமக்கு எதுக்கு வம்பு லா," என்றார் தலைவர்.

"கழட்டினா என்னையும் சேத்துக் கழட்டணும். ஆள் இல்லாமலே நேரத்துக்கு அடிக்க வைக்கிறேன்."

"நீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குள் கிடக்கிறது.

உன் அக்கா வேறு மாதிரி கேட்டாள். "பென்ஷன் வாங்கிட்டு சும்மாதானே உக்காந்திருக்கீங்க. சாயங்காலம் போய் சுவிட்சைத் தட்டிட்டு வந்தா கை தேஞ்சிருமா?"

பூசிய விரலோடு தட்டித் தட்டி அந்த சுவிட்சில் உன் விபூதி அப்பிக் கிடக்கிறது. அதன்மேல் நான் எப்படி விரலை வைப்பேன்?

வைஃபை உள்ள சின்ன போர்டு ஒன்று, ரிலே ஒன்று வாங்கினேன். போர்டு இணையத்தில் மணி பார்த்துச் சொல்லும். ரிலே அந்தச் சொல் கேட்டு மெஷினுக்குக் கரண்டைத் திறந்துவிடும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சென்னைப் பையன் ஒருவன் தமிழில் போட்ட வீடியோவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். வீட்டு மேசையில் சோதித்தபோது ரிலே 'டிக்' என்றது. ஆஸ்ட்ரோ டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த உன் அக்கா திரும்பக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் போர்டை மாட்டினேன். உன் சுவிட்சும் போட்டிருந்தால்தான் மெஷினுக்குக் கரண்டு போகும்; அதை மட்டும் முன்கூட்டியே பூசாரியைப் போடச் சொன்னேன்.

மணி ஏழு. தீபம் காட்டினார்கள். மெஷின் அடிக்கவில்லை. கூட்டம் மெஷினைப் பார்த்தது, தலைவர் என்னைப் பார்த்தார். ஏழே கால் ஆகியும் ஒன்றுமில்லை. அடிக்காததைவிட, இனி எப்போது அடிக்குமோ என்பதுதான் எனக்குக் குலை நடுக்கமாக இருந்தது.

லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தால் போர்டு காட்டிய நேரம் ஐந்து மணிகூட ஆகவில்லை. எந்த ஊர் நேரம் அது? சென்னை நேரம், மாப்பிள்ளை. அந்தப் பையன் தன் ஊருக்கு எழுதிய 19800 என்ற எண்ணை நான் அப்படியே தட்டியிருக்கிறேன். உலகக் கடிகாரத்துக்கு இந்தியா அத்தனை நொடி முன்னால், நமக்கு 28800. தமிழில் சொன்னான் என்றதும் நம்ம ஆள்தானே என்று நம்பிவிட்டேன். நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. விட்டிருந்தால் இரவு ஒன்பதரைக்கு முரசு அதிர்ந்திருக்கும்.

எண்ணை மாற்றி ஏற்றினேன். போர்டு புதிதாக விழித்தது. விழித்த அந்த நொடியே மெஷின் முழங்க ஆரம்பித்தது.

அது என் இரண்டாவது பிழை. முதலில் வைஃபையைத் தேடு, பிறகு ரிலேயை அணை என்று எழுதி வைத்திருந்தேன். விழிக்கும்போது ரிலே திறந்துகொள்ளும், போர்டு வைஃபையைத் தேடி முடிக்கிற வரைக்கும் மேளம் நிற்காது. எதிரே பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். "ஆஃப் பண்ணுங்கண்ணே!" என்று தலைவர் கத்தினார். எந்த வயரைப் பிடுங்குவது என்று தெரியவில்லை. கை தானாகப் போய் உன் சுவிட்சைத் தட்டியது.

மேளம் நின்றது. விரலில் உன் விபூதி ஒட்டியிருந்தது.

கொண்டோவிலிருந்து தலைவருக்குப் போன் வந்தது. "ஸாரி மேடம்... பேபி எழுந்திருச்சா... ஸாரி, ஸாரி லா." வைத்துவிட்டு என்னிடம் வந்தார். சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள்ணே. அவ்வளவுதான் என்னால பேச முடிஞ்சது."

போர்டோடு வீட்டுக்கு வந்ததும் 'அணை' என்ற வரியை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தேன். போர்டைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். ரிலே வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் போர்டைத் திரும்பக் கோயிலில் மாட்டினேன். மத்தியானம் நல்ல மழை, இடி. கரண்டு போய் வந்தது. சுவிட்ச் அணைந்திருந்ததால் கோயிலிலிருந்து சத்தம் வரவில்லை. சாயங்காலம் ஏழுக்கு முன்னால் பூசாரி சுவிட்சைப் போட வந்தார். "வேணாம் சாமி," என்று நானே போட்டேன். போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றேன்.

டிக். பிறகு முரசு.

ஐந்து நிமிடத்தில் தானாக நின்றது. தலைவர் வாட்சைப் பார்த்தார், பிரசாதம் வாங்கப் போனார். உன் அக்காதான் கிட்டே வந்தாள்.

"தம்பி என்னைக்குங்க கரெக்டா ஏழுக்குப் போட்டான்? ரெண்டு நிமிஷம் லேட்டாத்தான் ஓடி வருவான். அப்படியே வையுங்களேன்."

"முடியாது. ஏழுன்னா ஏழு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் என்னவோ செய்தது. ஆனாலும் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். உனக்காக இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பொய் சொல்ல வைத்தால், நாளைக்கு இன்னொருவர் பத்து நிமிடம் கேட்பார், அப்படியே ஏழே காலைத் தாண்டினால் மெஷின் போய்விடும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த சுவிட்சை யாரும் துடைக்க விடமாட்டேன். மேளம் ஏழுக்கு அடிக்கும். ஏழு இரண்டுக்கு, நீ செருப்பை உதறிவிட்டு ஓடி வரும் அந்த வாசலில், என் கால் தாங்கும் வரை நான் நிற்பேன்.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் மச்சான்