அண்ணி, நான் கொட்டிய ஜாடி

அண்ணி,

நேற்று உங்கள் கருமாதி. இப்போது தம்பி இருக்கும் நம் அம்மா வீட்டுக் கூடத்தில் உங்கள் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் ஒரு கட்டு ஊதுவத்தியை மொத்தமாகக் கொளுத்தி வைத்திருந்தார்கள். மல்லிகை வாசனை ஊதுவத்தி. நீங்கள் உயிரோடு இந்தக் கூடத்தைக் கடந்து போனாலே அம்மா இதைத்தான் கொளுத்துவாள், உங்கள் வாடை போகட்டும் என்று. இப்போது அதுவே மரியாதையாம். பெரியம்மா மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சைகோன்காரின்னு யாரு சொல்லுவா? நம்ம வீட்டுப் பொண்ணாவே ஆயிட்டாங்க. எப்டி வச்சிருந்தோம் அவங்கள!" எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் பழக்கத்தில் தலை ஆடிவிடுமோ என்று பயந்து எழுந்து வந்துவிட்டேன். இலையில் கை வைக்கவில்லை.

எப்படி வைத்திருந்தோம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். மற்றவர்களுக்கு மறந்துவிட்டது, அல்லது மறந்தது போல் இருப்பது வசதியாக இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியில் கொடியை இறக்கிவிட்டுப் போன மறு வருஷம் நீங்கள் வந்தீர்கள். அண்ணன் அவர்களுடைய பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக, உங்கள் வியட்நாமின் சைகோனுக்குப் போனவர், சண்டை ஓய்ந்ததும் உங்களைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார். கரையில் படகிலிருந்து இறங்கும்போது உங்கள் வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாடா இது, பொம்மையாட்டம்? தவளை துன்றவளையா கூட்டினு வந்த?" என்று கேட்டாள். உங்களுக்குப் புரியாது என்ற தைரியம். நீங்கள் சிரித்துக்கொண்டே அவள் காலில் விழுந்தீர்கள்.

ஆறே மாதத்தில் நீங்கள் தமிழ் பேசினீர்கள். அதற்குப் பிறகும் எங்கள் வாய் அடங்கவில்லை. உங்களுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. கிணற்றடியில் மூன்று கல்லைக் கூட்டி உங்களுக்கு ஓர் அடுப்பு. சாமி மாடம் இருந்த பக்கம் நீங்கள் வரக்கூடாது.

அந்தக் கிணற்றடியில்தான் நீங்கள் ஜாடி வைத்தீர்கள். என் இடுப்பு உயரத்துக்கு மண் ஜாடி. நெத்திலி ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை என்று வாய் வரை அடுக்கி, மேலே கல்லை ஏற்றி மூடினீர்கள். ஒரு வருஷம் வெயிலில் ஊறினால் அடியில் தேன் நிறத்தில் சாறு இறங்கும், அதுதான் உங்கள் ஊரில் சோற்றுக்கு எல்லாமே என்றீர்கள். நுக்மாம் என்று அதற்குப் பேர். தினமும் ஜாடியை வெயில் பக்கம் திருப்பி வைப்பீர்கள். தூறல் விழுந்தால் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி ஓலை போட்டு மூடுவீர்கள். ஒரு நாள் நான் பக்கத்தில் நின்றபோது சொன்னீர்கள்: "பாப்பா, உங்க ஊரு மீனு, உங்க ஊரு உப்பு, உங்க ஊரு வெயிலு. இது ருசியா வந்துச்சுன்னா, நான் இங்க வந்து சேந்துட்டேன்னு அர்த்தம்."

நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

இதை நினைத்தால்தான் அண்ணி, இன்றைக்கும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. எங்களுக்கு என்ன தொழில்? கருவாடு. வாசலில் பாய் பாயாகச் சூரையும் வாளையும் காயும், அதன் மேல் ஈ கருப்பாக மொய்க்கும், மழைக்காலத்தில் புழு நெளிந்தால் அம்மா தட்டி உதறிவிட்டுக் கூடையில் போடுவாள். அந்தக் கூடையைக் கட்டிய விரல்களால்தான் நாங்கள் உங்களைப் பார்த்து மூக்கைப் பொத்தினோம். அம்மா அதைப் பொண நாத்தம் என்பாள். அந்தச் சொல்லை உங்கள் காதில் விழும்படி நானும் சொல்லியிருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சர்க்கார் ஆபீசில் வேலை, நம் சாதிதான் என்றாலும் மீனைத் தொட்டு இரண்டு தலைமுறை ஆனவர்கள். அம்மா தலைகால் புரியாமல் வீட்டைக் கழுவினாள். கருவாட்டுப் பாய்களைச் சுருட்டிப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினாள். அண்ணன் வேலையாகக் காரைக்காலுக்குப் போயிருந்தார். நீங்கள் காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பினதும் அம்மா என்னிடம், "அந்த ஜாடிய இன்னாடி பண்றது?" என்று கேட்டாள். கேட்டாள், அவ்வளவுதான். கொட்டச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன்.

ஜாடி வைத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. சாக்கடை வரை உருட்டிப் போய்ச் சாய்த்துவிடலாம் என்று நினைத்தேன். பாதியில் கை நழுவிக் கல்லில் மோதி உடைந்தது. சாறு சாக்கடைப் பக்கம் ஓடவில்லை. தரை வாட்டம் வீட்டுப் பக்கம் இருந்ததால், பின்வாசல் படியைத் தாண்டிக் கூடம் வரை வந்தது. நாற்பது குடம் தண்ணீர் ஊற்றியிருப்போம். நாற்றம் போகவில்லை.

நீங்கள் பையோடு திரும்பி வந்து உடைந்த ஜாடியின் ஓடுகளைப் பார்த்தீர்கள். பிறகு ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்த என் பாவாடையைப் பார்த்தீர்கள். துடைப்பத்தை எடுத்தீர்கள்.

மாலையில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்காரும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்து, "என்னங்க இது நாத்தம்?" என்றாள். காப்பித் தட்டோடு நீங்கள் அந்த நேரம் பார்த்து வாசற்படியில் வந்து நின்றீர்கள். அம்மா உங்களைக் கையால் காட்டினாள். "வேலைக்காரிங்க. எதையோ கொட்டிட்டா, அறிவு கெட்டவ."

நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும், அண்ணி. "எங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை. என் வாய் திறக்கவில்லை. கல்யாணம் நடக்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

நீங்கள் அந்த அம்மாளைப் பார்த்து, "ஆமாங்கம்மா, நான்தான் கொட்டிட்டேன். கை தவறிடுச்சு" என்றீர்கள். காப்பியைக் கொடுத்தீர்கள். குடித்து முடிக்கும் வரை சுவரோரம் நின்று, டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள்.

எனக்குக் கல்யாணம் முடிவானது. திரும்பி வந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்டார்கள். அவர் அம்மாவிடம் சண்டை போடவில்லை. கருவடிக்குப்பத்தில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்து, மறு வாரமே உங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா அன்றைக்கும் ஊதுவத்தி கொளுத்தினாள்.

நான் உங்களைத் தேடி வர ஐந்து வருஷம் ஆனது. பாசத்தில் வந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். போக இடமில்லாமல் வந்தேன். புகுந்த வீட்டில் எனக்குக் கருவாட்டுக்காரி என்று பேர். நான் துவைத்த துணியை மாமியார் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துவைக்கப் போடுவாள். புருஷன் சிரிப்பார். அன்றைக்கு என் குழந்தையை அவள் என் கையிலிருந்து வாங்கி, அதன் கழுத்தை முகர்ந்து, "இதுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றாள். குழந்தையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். அம்மா வீட்டுத் திருப்பத்தில் கால் நிற்கவில்லை.

அது பாண்டிச்சேரி முழுசாக இந்தியாவோடு சேர்ந்த வருஷம். பிரெஞ்சுக் குடியாக இருக்கப் போகிறவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் பிரான்சுக்குப் போய்விடலாம் என்கிறார், நீங்கள் அடுப்பைப் பார்த்தபடியே, "எத்தினி ஊருலதான் ஜாடி வைக்கிறது? எனக்குத் தெம்பு இல்ல. நீங்க போயிட்டு வாங்க" என்கிறீர்கள். பின்னால் கொல்லையில் ஒன்றல்ல, மூன்று ஜாடிகள் வெயிலில் இருந்தன.

என்னைப் பார்த்ததும் எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டீர்கள். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. தட்டு வைத்துச் சுடுசோறு போட்டு, அதன் மேல் அந்தச் சாற்றை ஒரு கரண்டி ஊற்றினீர்கள். முதல் வாய் எடுத்ததும் அழுகை வந்துவிட்டது.

"அண்ணி, அந்த ஜாடிய நான்தான் உடைச்சேன்."

"தெரியும்."

"வேலைக்காரின்னு சொன்னப்போ சும்மா இருந்தேன்."

"அதுவும் தெரியும்."

"என்ன மன்னிச்சுட்டீங்களா?"

நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். என் குழந்தை உங்கள் மடியில் தூங்கிப் போயிருந்தது.

"இல்ல பாப்பா," என்றீர்கள். "இன்னும் இல்ல. சாப்புடு, ஆறிடும்." இன்னொரு கரண்டி சோறு போட்டீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை வந்திருப்பேன்! நான் மறுபடி கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. மன்னித்தீர்களா என்று தெரியாமலே நீங்கள் போய்விட்டீர்கள். ஆனால் வீடு என்று யாராவது சொன்னால், நான் பிறந்த வீடும் புகுந்த வீடும் எனக்குத் தோன்றுவதில்லை. என் லட்சணம் முழுக்கத் தெரிந்த ஒருத்தி எனக்குச் சோறு போட்ட அந்த இரண்டு அறைதான் தோன்றுகிறது.