நீல மூடி போட்ட இரண்டு குழாய்கள்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலமா? "எனக்கென்ன குறைச்சல்" என்பாய், இருந்தாலும் கேட்கிறேன். குட்டிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. என் தோளைக் கடித்தே புண்ணாக்கிவிட்டாள்.

இன்று பால் டம்ளர் கையிலிருந்து நழுவிவிட்டது. இவர் தரையைத் துடைத்துக்கொண்டே, "டம்ளர்தானே விழுந்துச்சு, வானமா இடிஞ்சுது?" என்றார். இவருக்கென்ன தெரியும். அப்பாவுக்கு இப்படித்தானே ஆரம்பித்தது. பிறகு கை தானாக ஆடியது, பிறகு நம்மையே யாரென்று கேட்டார்.

போன முறை வந்தபோது உன் ஆராய்ச்சிக்கென்று என் ரத்தத்தை எடுத்துப் போனாய், உன்னுடையதையும் கொடுப்பதாகச் சொன்னாய். குழாயில் எண் மட்டும்தான் இருக்கும், யாருடையதென்று உனக்கே தெரியாது, முடிவைக் கேட்கக் கூடாது என்றாய். சரி என்றேன். ஆனால் அதன்பிறகு உன் கடிதங்களில் கிண்டலே இல்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நர்ஸ் மாதிரி விசாரிக்கிறாய். போதாததற்குக் குட்டிக்கு மூன்று கவுன் வேறு. கஞ்சப் பிசினாறி நீ, மூன்று கவுனா? என்ன நடந்தது? மறைக்காதே.

உன் தங்கை

மார்ச் 14

அன்புள்ள வாலு,

கவுன் வாங்கிக் கொடுத்தால் குற்றமா? எண்ணெய்க் கையோடு பிடித்தால் டம்ளர் நழுவத்தான் செய்யும்.

அப்பாவின் நோயைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திக்குகிற மாதிரி திரும்பத் திரும்ப வரும். அது அளவுக்கு மீறி நீண்டால், அதிலிருந்து உண்டாகும் புரதம் ஒழுங்காக மடியாமல் நரம்புச் செல்லுக்குள் கட்டிகட்டியாகத் தங்கிவிடும். மைக்ராஸ்கோப்பில் அவை பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றைக் கரைக்க வழி தேடுவதுதான் என் பிழைப்பு.

குழாயில் எண் மட்டும்தான் ஒட்டினேன். ஆனால் அன்று வெள்ளை மூடிக் குழாய்கள் தீர்ந்துபோய், நம் இருவருடையதற்கு மட்டும் நீல மூடி போட்டேன். அது எனக்கு உறைக்கவே இல்லை. பரிசோதனைக்குப் பெட்டியைத் திறந்ததும் அந்த இரண்டும்தான் கண்ணில் பட்டன.

ஒன்றில் நீளம் சரியாக இருக்கிறது. மற்றதில் இல்லை.

எது யாருடையது என்ற விவரம் என்னோடு வேலை பார்ப்பவரிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை. கேட்கட்டுமா?

அக்கா

மார்ச் 22

அக்கா,

அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்துபோகிறேன். மறந்தேனே என்று அதற்கும் பயப்படுகிறேன். வேலை முடிந்ததும், கை ஆடுகிறதா என்று ஊசியில் நூல் கோத்துப் பார்க்கிறேன். ஒரே தடவையில் கோத்துவிட்டால் நிம்மதி. அடுத்த நொடியே, அப்படியானால் அக்காவுக்கா என்று தோன்றி நூலை உருவிவிடுகிறேன். நூல் நழுவினால் குட்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கிருந்தால் அவளுக்கும் வரலாமே.

எழுதக் கூடாததை எழுதுகிறேன். அந்த மற்ற குழாய் உன்னுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு தடவை அல்ல. உனக்குத்தான் பிள்ளை இல்லையே என்று காரணமும் சொல்லிக்கொண்டேன். நீ அவரிடம் கேள், கேட்காமல் இரு, உன் இஷ்டம். இனி எனக்குக் கடிதமே போடாவிட்டாலும் நியாயம்தான்.

தங்கை

ஏப்ரல் 2

வாலு,

உனக்குப் பதில் எழுதி இரண்டு முறை கிழித்துப் போட்டேன். கோபத்தால் அல்ல. நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? எனக்கு இருக்கக் கூடாது என்று. கை ஆடினால் வேலை பாதியில் நின்றுவிடுமே என்று. உன் இடுப்பில் குட்டி இருப்பது தெரிந்தேதான் வேண்டிக்கொண்டேன்.

நேற்று நீல மூடி விஷயத்தை மேலதிகாரியிடம் சொன்னேன். "வீட்டு ரத்தத்தை வேலை மேசைக்குக் கொண்டுவரலாமாம்மா?" என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நம் இரண்டு எண்களையும் நீக்கிவிட்டார்கள், குழாய்களையும் அழித்துவிட்டார்கள். யாருடையதென்று நான் கேட்கவே இல்லை.

தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் முறையாக ஒரு டாக்டரிடம் போகலாம். ஆனால் உன் முடிவு தெரிந்தால் என்னுடையதும் தெரிந்துவிடும். அதனால் தனியாக மட்டும் போய்விடாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் வீடு முழுக்கத் தேடினேன், இங்கே ஒரு ஊசிகூட இல்லை. சனிக்கிழமை வருகிறேன். உன்னுடையதை எடுத்து வை.

அக்கா