ஓஃப் எண்டு எழுதின பொத்தான்

உரும்பிராய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கஜானிக்கு,

அம்மா எழுதுறது. நாங்கள் ரண்டுபேரும் உயிரோடை இருக்கிறம், நீயும் அந்த நோர்வேக் குளிருக்கை ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணுமெண்டு வைரவரைக் கும்பிட்டுப்போட்டுத்தான் பேனையை எடுத்தனான்.

வீடியோக் கோலிலை அப்பாவின்ரை கைக்கட்டைப் பாத்திட்டு நீ கேக்க, தேங்காய் உரிக்கேக்கை பட்டதெண்டு சொன்னவரெல்லே, அது பொய் பிள்ளை. நீ வாங்கி அனுப்பின, போனாலை இயக்கிற மோட்டர் சுவிச்சாலை வந்த வினை, அமத்தினது நான். போன செவ்வாய் விடிய வாழைக்கு இறைச்சு முடிய, நீ வைச்சுவிட்ட நேரத்துக்கு மோட்டர் தானாய் நிண்டிட்டுது. பெல்ற் தளந்துபோச்செண்டு இறுக்கப் போனவர் கிணத்தடியிலை இருந்து, இஞ்சாரும், திரும்பி ஓடாமல் போனிலையும் ஒருக்கா நிப்பாட்டிவிடும் எண்டு கூப்பிட்டுச் சொன்னார். போனைத் திறந்தால் நடுவிலை பெரிய பச்சைப் பொத்தான், அதிலை ஓஃப் எண்டு எழுதிக் கிடக்கு. ஓஃப் எண்டதை அமத்தினால் நிக்குமெண்டுதானே ஆரும் நினைப்பினம், அமத்தினன். மோட்டர் உறுமிச்சுது, பெல்ற்றுக்கை கை அம்பிட்டு அப்பா என்ரை பேர் சொல்லிக் கத்தினார். பாத்தால் பொத்தானிலை இப்ப ஒன் எண்டு கிடக்கு. அதை அமத்தினால் நிக்குமோ இன்னும் ஓடுமோ எண்டு தெரியாமல் விரலைத் தூக்கிப் பிடிச்சபடி நிண்டன் பிள்ளை, அந்தக் கத்தலுக்கை. பக்கத்துத் தோட்டத்துத் தில்லைநாதன் அண்ணை வேலி பாஞ்சு வந்து மெயின் சுவிச்சை இழுத்துவிட்டார். பெரியாஸ்பத்திரியிலை நடுவிரலின்ரை நுனிக் கணுவை எடுத்துப்போட்டினம்.

பிறகு கண்ணாடியைப் போட்டுப் பாத்தன். மேல் மூலையிலை சாம்பல் நிறத்திலை பொடி எழுத்திலை, மோட்டர் இப்ப நிக்குது எண்டு இங்கிலீசிலை கிடக்கு. அந்த ஓஃபும் அதைத்தான் சொல்லியிருக்கு, நான் அதை வேலை செய்யிற பொத்தானெண்டு நினைச்சிட்டன். இருபத்தாறு வருசம் தபாற்கந்தோரிலை இருந்தனான், எனக்கு ஓஃப் எண்டால் விளங்காதே? உம்மிலை பிழையில்லை எண்டுதான் அப்பா சொல்லுறார், நீ அங்கை தனியக் கிடந்து அழுவாயெண்டு மறைச்சவர். நான் சொல்லுறது ஏனெண்டால், நீயும் ஆஸ்பத்திரி மிசினுகளுக்கு உப்பிடித் திரை வரையிற வேலைதானே செய்யிறாய். இந்தச் சொல் நடக்கிறதைச் சொல்லுதோ, செய்யப்போறதைச் சொல்லுதோ எண்டு தெரியாமல் ஒரு நேர்ஸ் பிள்ளை என்னைப்போல நிக்கக்கூடாது.

நேற்று திரும்பவும் பெல்ற் கழண்டிட்டுது. போனைப் பாரும் எண்டார். நான் போனைத் தொடேல்லை, ஓடிப்போய் மெயின் சுவிச்சை இழுத்து, அவர் இடக்கையாலை முடிக்குமட்டும் அதைப் பிடிச்சுக்கொண்டே நிண்டன்.

வைரவர் உனக்குத் துணை நிப்பார், நேரத்துக்குச் சாப்பிடு. உன்ரை போனிலையும் அந்தப் பொத்தான் கிடக்குதெல்லே, எங்களோடை கதைக்காமல் அங்கையிருந்து அதைத் தொட்டிடாதை மகள்.

உன்ரை அம்மா,
சிவகௌரி தியாகலிங்கம்