ஏழாவது சீட்டில் சாப்பாட்டுப் பை

என் அருமைச் சம்பந்தி ஏகாம்பரத்துக்கு,

உனக்கு ஓர் அநியாயம் நடந்துவிட்டது. பனி பார்க்கப் போகும் பயணத்துக்கு உன்னை விட்டுவிட்டு ஆறு டிக்கெட் போட்டுவிட்டார்கள். அதுவும் விமானத்தில். போட்டவன் என் மகன் முரளி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் உன் மகள் ஹேமா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் சரோஜாவையும் கேட்கவில்லை.

"செத்துப்போனவருக்கு எப்பிடிப்பா டிக்கெட் போடுறது?" என்று முரளி கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் விடுவதாக இல்லை. நாம் பேசி வைத்தது ஏழு பேர். நான், என் மல்லிகா, நீ, சரோஜா, பிள்ளைகள் இரண்டு பேர், பேத்தி யாழினி. ஏழு பேருக்கென்றுதான் ஏழு சீட் வண்டி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்க வைத்தேன். வண்டி வந்த வாரம் நீ அதில் ஏறி, ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, "இது நம்ம எடம், எவனும் கை வெக்கக் கூடாது" என்றாய். போன மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், அப்படியே போய்விட்டாய். துக்க வருடத்தில் எங்கும் போகவில்லை. இந்த மாசியில் உன் வருஷத் திதி முடிந்ததும் பிள்ளைகள் பயணப் பேச்சை எடுத்துவிட்டார்கள்.

எடுத்தது தப்பில்லை. எடுத்த விதம்தான் தப்பு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் பஸ் ஓட்டியவன். ஏகாம்பரம் கவரைப்பேட்டையில் ஏறுவான். இரும்பு உருக்கும் கம்பெனியில் உலைக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவன். எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் ஏறியவன் தன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டால், அது பின்னால் ஏறப்போகும் கூட்டாளிக்கு. பை இருக்கிற சீட்டில் எவனும் உட்கார மாட்டான். மேஸ்திரியே நின்றுகொண்டு வந்தாலும் சரி, பையை நகர்த்த மாட்டான். ஆள் வருகிறான் என்று அர்த்தம்.

உனக்கு இடம் பிடித்து வைத்தது என் பை. பொன்னேரியில் வண்டியை எடுக்கும்போதே என் பின் சீட்டில் வைத்துவிடுவேன். கவரைப்பேட்டையில் இரண்டு ஹாரன் அடிப்பேன். நீ ஓடி வந்து ஏறி, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்த கையோடு தூங்கிவிடுவாய். இரண்டு ஹாரனுக்கு மேல் நான் யாருக்கும் நின்றதில்லை. ஒரு நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தும் வண்டியை எடுத்துவிட்டேன். நீ அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. அன்றைக்கு நான் செய்தது சரி. உனக்காக நின்றால் முந்தின ஷிப்டில் உலையில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு உன்னை எதிர்பார்த்து நிற்பவன் என்ன பாவம் செய்தான்?

அப்புறம் உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். சம்பந்தி ஆகிவிட்டோமே என்று ஒருவரை ஒருவர் வாங்க, போங்க என்று கூப்பிட்டுப் பார்த்தோம். வளைகாப்புவரைகூடத் தாங்கவில்லை. பந்தியில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "யோவ் தேசிங்கு, சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளுய்யா" என்றாய்.

உலை முன்னால் நின்றவனுக்குப் பனியைத் தொட்டுப் பார்க்க ஆசை. சிக்கிமில் மே மாதத்திலும் மலை உச்சியில் பனி கிடக்கும் என்று யாரோ ஒடியாக்காரத் தொழிலாளி உன்னிடம் சொன்னான். அதிலிருந்து நமக்குச் சண்டை ஆரம்பித்தது. நான் சாலைக் கட்சி. நீ விமானக் கட்சி.

"உன் பஸ்ல குலுங்கிக் குலுங்கி என் இடுப்பே கழண்டு போச்சு. சிக்கிம் வரைக்கும் வேற குலுக்கணுமா? மேல போலாம்யா. மேல டோல்கேட் கெடியாது, மாடு குறுக்க வராது."

"மேல போனா வழியில இன்னா இருக்குதுன்னு எப்பிடிய்யா தெரியும்?"

"அதுக்குத்தான் ஜன்னல் வெச்சிக்கிறான்."

"ஜன்னல்ல மேகந்தான் தெரியும்."

"மேகந்தான் நைனா பாக்கணும். கீழ இருக்கிற பொகையத்தான் தெனிக்கும் பாக்கறேனே."

சிரித்துவிடுவேன். ஆனால் ஒத்துக்கொண்டதில்லை. என் நியாயம் உனக்குத் தெரியும். நம் ஊர் வழியாகப் போகிற சாலை கல்கத்தாவரை போகிறது. அந்தச் சாலையில் நான் வேலைக்காலம் முழுக்க வண்டி ஓட்டினேன். தினமும் சிப்காட் வந்ததும் திரும்பிவிடுவேன். எனக்கு முன்னால் போன லாரி நேராகப் போகும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தெலுங்கு எழுத்தை அந்த லாரிகளின் முதுகில் பார்த்துத்தான் படித்துக்கொண்டேன். ஆரம்பாக்கம் தாண்டி, தடா தாண்டி அந்தச் சாலை எப்படித்தான் இருக்கும்? ஒரு முறையாவது திரும்பாமல் நேராகப் போக வேண்டும் என்று ஒருவன் நினைப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

முரளியின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ என்னைத்தான் திட்டுவாய். அவனுக்கு ஒன்பது நாள்தான் லீவு. "கார்ல போனா போவ நாலு நாளு, வர நாலு நாளு. மீதி ஒரு நாள்ல பனியைப் பாத்துட்டு ஓடியாரணுமா? உன் முதுகு இன்னாத்துக்கு ஆவும்?" என்றான். என் முதுகு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். மல்லிகா உள்ளிருந்து, "நேத்து நைட்டு தைலம் தேய்ச்சது யாருக்காம்?" என்று கேட்டாள். வீட்டுக்குள்ளேயே எதிரி.

அதற்குள் பெரிய இடி ஒன்று விழுந்தது. ஹேமா போனில் டிக்கெட் விஷயத்தைச் சொன்னதும் சரோஜா, "நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டாலும் அதே பதில்தான். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு நானும் வர மாட்டேன் என்றாள் ஹேமா. காரா விமானமா என்று நாங்கள் கத்திக்கொண்டிருக்க, பயணமே இல்லை என்று ஆகிவிட்டது. நீ போனதிலிருந்து சரோஜா கவரைப்பேட்டை கடைத்தெருவைத் தாண்டி எங்கும் போகவில்லை. எங்கள் வீட்டுக்குக்கூட வரவில்லை. நாங்கள்தான் போய்ப் பார்க்கிறோம். இந்தப் பயணத்துக்கும் வரவில்லையென்றால் இனி எதற்கும் வர மாட்டாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு தனியாக வண்டியை எடுத்தேன். உன் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"வாங்கண்ணா. ஹேமா அனுப்பிச்சாளா?"

"யாரும் அனுப்பல. நீங்க வரேன்னு சொல்ற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

"அப்ப மத்தியானத்துக்கும் சேத்து உல வெச்சிடறேன்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது. உன் படத்துக்குப் புதுப் பூ போட்டிருந்தாள். நான் எதற்காக வந்தேன் தெரியுமா? சரோஜாவை என் கட்சிக்கு இழுக்கத்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சு வாயில் வரவில்லை. என் வாழ்க்கையில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"சரிம்மா. அவன் கட்சியே ஜெயிச்சதா இருக்கட்டும். ஃப்ளைட்லயே போலாம். நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். அவன் ஆசப்பட்ட ஃப்ளைட்டு. அவனுக்காக நீங்க வாங்க."

சரோஜா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் ஏகாம்பரம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது நாங்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டு.

"யாரு, இவரா ஃப்ளைட்டுக்கு ஆசப்பட்டாரு? உங்கள பேஜார் பண்றதுக்குத்தாண்ணா அப்பிடி சொல்லிக்கினு இருந்தாரு. ஊட்டுக்கு வந்து, 'தேசிங்கு மூஞ்சிய பாத்திருக்கணும் நீ'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அப்ப ஃப்ளைட்டு வேணான்னானா?"

"உல சூட்டுல நின்னுட்டு வர்றவருக்கு ஊட்ல படுத்தா தூக்கமே வராதுண்ணா. பொரண்டுக்கினே கெடப்பாரு. உங்க பஸ்ல மட்டுந்தான் தூங்குவாரு. 'தேசிங்கு ஓட்டுனா எனக்குக் கண்ணு தானா மூடிக்கும். மேல பறந்தா எவன் ஓட்டறான்னே தெரியாது, எப்பிடி சரோ தூங்கறது'ன்னு என்னாண்ட கேட்டாரு."

நான் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன்யா, இதை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? நீ என் பின்னால் தூங்கியதெல்லாம் உலை அலுப்பு என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்?

சரோஜா உள்ளே போய் உன் ஒயர் பையைக் கொண்டுவந்தாள். நீலமும் வெள்ளையும் கலந்து அவள் கையால் பின்னியது. உள்ளே டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது, துலக்கிக் கவிழ்த்து வைத்த பளபளப்போடு.

"இத்த சீட்டுல வெச்சிக்கினு போலாமாண்ணா, ஃப்ளைட்ல?"

"காலி சீட்டு இருந்தாத்தானேம்மா வெக்கறது. ஆறுதான் போட்டுக்கிறாங்க."

"உங்க வண்டியில?"

"ஏழு இருக்குது."

"அப்ப நான் கார்ல வரேன்," என்றாள். "பனியக் கொஞ்சம் இந்த டப்பாவுல அள்ளிப் போடணும். அப்பறம் உருகுனா உருகிப் போவட்டும்."

மத்தியானச் சோற்றுக்கு நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் அழுதிருப்பேன். அதை உன் வீட்டில் செய்ய எனக்கு இஷ்டமில்லை.

வீட்டில் சொன்னபோது முரளி தலையில் கை வைத்துக்கொண்டான். அத்தை வருவது அவனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவன் லீவு நீளவில்லை, என் முதுகும் இளமையாகவில்லை. அப்போது உன் மகள் வாய் திறந்தாள். காரா விமானமா என்ற சண்டையில் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள் அவள்.

"எனக்கு லீவு நெறைய கெடக்குது மாமா. பாதி நீங்க ஓட்டுங்க, பாதி நான் ஓட்டறேன். அவரும் யாழினியும் ஃப்ளைட்ல வரட்டும். அங்க ஏர்போர்ட்லயே நாம போய் ஏத்திக்கலாம்."

"நீயா? நெல்லூரத் தாண்டி ஓட்டிக்கிறியா நீ?" என்றேன்.

"நீங்க தாண்டிக்கிறீங்களா?"

அசல் உன் பெண். மல்லிகா கைதட்டினாள்.

முரளி போட்ட நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டேன்: இருட்டினால் வண்டி நிற்க வேண்டும். மற்றவற்றை அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். யாழினிக்கு ஜன்னல் சீட்டாம். "நான் மேலருந்து உன் கார பாத்து டாட்டா காட்டுவேன் தாத்தா" என்கிறாள். நீ கேட்ட மேகத்தை அவள் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். அந்த மட்டும் உன் கட்சிக்கும் ஒரு வெற்றி என்று வைத்துக்கொள்.

இனி ஆக வேண்டியதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எவரும் செய்ய மாட்டார்கள்.

முரளி நாலு டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும், முணுமுணுக்காமல். வண்டியை சர்வீஸ் விட்டு, ஸ்டெப்னி டயரைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஹேமா போகும் முன் தடாவரை ஒரு தடவை எனக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். நான் நடுவில் குறை சொல்லக் கூடாதாம், பார்க்கலாம். மல்லிகா ஊறுகாய் ஜாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு, தைலத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். யாழினிக்கும் சரோஜாவுக்கும் ஸ்வெட்டர் வாங்க வேண்டும், அது என் பொறுப்பு. சரோஜா பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வர வேண்டும். அவளுக்கு வேறு வேலை இல்லை.

நீ தூங்க வேண்டும். என் பின் சீட்டில், கல்கத்தாவரைக்கும், அதற்கு மேலும்.

நான் ஒரு வாக்குத் தருகிறேன். புறப்படும் நாள் விடியலில் கவரைப்பேட்டையில் உன் பழைய நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டுவேன். இரண்டு ஹாரன் அடிப்பேன். எவனுக்கும் நிற்காத நான் அன்றைக்கு நிற்பேன். சரோஜா மெதுவாக நடந்து வந்து, கதவைத் திறந்து, உன் பையை உன் சீட்டில் வைத்து, அது சாயாமல் பெல்ட்டை மாட்டி முடிக்கும்வரை நிற்பேன். பின்னால் எத்தனை லாரி ஹாரன் அடித்தாலும் சரி.

அப்புறம் சிப்காட் வரும். திரும்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தூக்கத்துக்கு வண்டி ஓட்டிய சம்பந்தி,
தேசிங்கு