பச்சைப் பாவாடையில் செயின் கறை

அக்கா,

உன் தகரப் பெட்டி இன்று குமாரபாளையத்திலிருந்து வந்து சேர்ந்தது. அம்மா சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். எல்லாவற்றுக்கும் அடியில் உன் பழைய பச்சைப் பாவாடை. ஓரத்தில் கறுப்பாக ஒரு கறை. முகர்ந்து பார்த்தேன். செயின் எண்ணெய். கல்யாணமாகிப் போகும்போது இதையா கொண்டுபோனாய்?

"அந்தக் கந்தலைக் கரித்துணிக்குப் போடு சாமி," என்றாள் அம்மா. "நாளைக்கு அக்காவோட அரக்குச் சீலையக் கட்டிக்க. உறுதி பண்ண வாராங்க."

வருவது யார் தெரியுமா? உன் வீட்டுக்காரர்தான். தலைப்பிரசவத்துக்கு வந்த நீ இந்த வீட்டிலிருந்தே போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போது உன் சேலையைச் சுற்றி, உன் பிள்ளையை இடுப்பில் வைத்து, உன் இடத்தில் என்னை உட்கார வைக்கப் போகிறார்கள். "அப்பாவோட சைக்கிளும் செகண்ட் ஹேண்ட், எனக்கு மாப்பிள்ளையும் செகண்ட் ஹேண்டா?" என்று கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. தொட்டிலில் கிடந்த உன் மகன் சிரித்தான். நான் எதைச் சொன்னாலும் அவனுக்குச் சிரிப்புதான்.

அவனைக் காட்டித்தான் என்னைக் கட்டப் பார்க்கிறார்கள். "வேற எவளோ வந்தா இந்தப் பச்ச மண்ணு பொழைக்குமா?" என்று அப்பா கேட்கிறார். மாமாவும் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

உன் தறியில் இப்போது நான் உட்காருகிறேன். நூலை இழுத்துக்கொண்டு நாடா அந்தப் பக்கம் ஓடுகிறது, இந்தப் பக்கம் ஓடுகிறது. நாளெல்லாம் ஓடியும் தறியை விட்டு ஒரு முழம் வெளியே போனதில்லை.

நாம் போனோமே, அக்கா. அமாவாசைக்கு அமாவாசை தறி ஓயும். நமக்கு அன்றுதான் பௌர்ணமி. விறகுக்கு என்று சொல்லிவிட்டு அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புவோம். பெண்பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளினால் நம் வெண்ணந்தூர் ஒன்றும் சொல்லாது. ஏறி உட்கார்ந்தால்தான் ஊர் கவிழ்ந்துவிடும். போதமலை அடிவாரத்தில் ரிசர்வ் காடு தொடங்கும் எல்லைக்கல்லைத் தாண்டியதும் நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவேன். நீ கேரியரில். முதலில் செம்மண் தடம், வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பிறகு ஓடை மணல், இறங்கித் தள்ள வேண்டும். அப்புறம் பாறைச் சரிவு, உடம்பில் எங்கெங்கே எலும்பு இருக்கிறது என்று அதுதான் சொல்லிக்கொடுக்கும். மூங்கில் புதருக்குள் புகுந்து ஏரிக்கரை மேல் ஏறினால் மறுபடியும் அதே எல்லைக்கல். பிரேக் கட்டை தேய்ந்துபோன சைக்கிள். சரிவில் நீதான் பிரேக். பயம் வந்தால் என் இடுப்பைக் கிள்ளுவாய். கிள்ளிய இடம் கன்றிப்போகும்.

"காட்டுக்குள்ள எப்படி வேணா ஓட்டு. தெருவுல மட்டும் ஏறீராத புள்ள," என்பாய். "பொட்டப்புள்ள சைக்கிள்ல போறதப் பாத்தா ஒருத்தனும் கட்ட வரமாட்டான்."

மூங்கில் புதருக்கு முன்னால் தடம் மூன்றாகப் பிரியுமே, அங்கே வழி தெரிவதற்காக வேலமரம் ஒன்றில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவைத்தேன். தறிக்காரப் புத்தி, எதற்கும் ஒரு நூல். அடுத்த அமாவாசைக்குப் போனால் மூன்று தடத்திலும் மரத்துக்கு மரம் நூல்! நடுவில் ஒரு கல்லுக்குக் குங்குமம் வேறு. எது நம் நூல்? ஒரு தடத்தில் விட்டேன். சுற்றி வளைத்து அந்தக் குங்குமக் கல்லுக்கே வந்து நின்றோம். இன்னொன்றில் விட்டேன், அதே கல். முள் ஏறி டயர் இறங்கியது, வெயிலும் இறங்கியது. நீ அழ ஆரம்பித்துவிட்டாய்.

விறகுக்கட்டோடு வந்த ஒரு அம்மாதான் நமக்கு வழி காட்டினாள். "நூல் சாமிங்க கண்ணு. புதுசா வந்திருக்குது. ஒரு நூலக் கட்டி வேண்டிக்கிட்டாக் கண்ணாலம் கைகூடுதுங்களாம்."

நான் சிரித்துவிடாமல் இருக்க நீ என்னைக் கிள்ளினாய். அவள் தலை மறைந்ததும் ஈரக் கண்ணோடு நீதான் விழுந்து விழுந்து சிரித்தாய். "அடிப்பாவி, ஒரு சாமியவே பெத்துட்டியே!" பிறகு தாவணி ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி நீயும் கட்டினாய்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"இந்தச் சுத்துல இருந்து வெளிய போவோணும்னு."

சாமி கொடுத்தது. குமாரபாளையத்தில் இன்னொரு தறி வீடு.

இன்று பெட்டியை மூடும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "நூல் சாமிக்கு ஒரு நூல் கட்டிட்டு வந்தேன் கண்ணு. அடுத்த வாரமே அவியளே கேட்டு ஆள் உட்டுட்டாங்க. சக்தியுள்ள சாமி." விளையாட்டுக்கு நான் போட்ட முடிச்சு, நடந்து வந்து என் கழுத்துக்கே அளவெடுக்கிறது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் சாமி குத்தம் என்று அம்மா இன்னொரு நூல் கட்டிவிட்டு வருவாள்.

பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கறையை விரலால் தேய்த்தேன். நான்கு சுவர், ஒரு தறி, ஒரு தொட்டில். அப்போதுதான் உன் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. தெருவில் மட்டும் ஏறாதே, ஒருத்தனும் கட்ட வரமாட்டான். அக்கா, எத்தனை நல்ல யோசனையை எவ்வளவு கோபமாகச் சொல்லி வைத்திருக்கிறாய்!

நாளை அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நம் தெருமுனைக்கு வரும் நேரத்தில், நெசவுக்காகக் காலையில் தெருவோடு நீட்டிய பாவு நூலெல்லாம் சுருட்டி எடுக்கப்பட்டிருக்கும். பாவு நீட்டுவதற்கென்றே வளைவில்லாமல் போட்ட தெரு. இந்த முனையில் ஏறினால் அந்த முனை வரை எல்லார் கண்ணிலும் படுவேன். அரக்குச் சேலை பெட்டியிலேயே இருக்கும். உன் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் நடுவில் மணியடித்துக்கொண்டு போவேன்.

அப்பாவின் கை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். அது போகட்டும். அவர்கள் கோபத்தில் உன் மகனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுதான் என் பயம். மாமாவிடம் நேராகக் கேட்பேன்: "பையன இங்கயே உடுங்க மாமா. சித்தியாவே இருந்து வளத்துறேன்." விடுவாரா, தெரியவில்லை. தெரியாமல்தான் ஏறப் போகிறேன்.

சுற்றுப் பாதையிலேயே ஓட்டிப் பழகியவள் நான். நேர்த்தெரு இதுதான் முதல் தடவை. நீ கிள்ளுகிற இடம் இடுப்பில் இப்போதே சுரீர் என்கிறது. கிள்ளிக்கொண்டே வா, அக்கா. நான் நிறுத்த மாட்டேன்.